ஷா கமிஷன் அறிக்கையும் பத்திரிகை வாசகரும்

ஒரு நாட்டின் தலைமையைப் பற்றி இரு கட்சியார் வாதிடுங்கால், இருவரும் ஒரே ஆவணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இருவேறு முடிவுகளை உரைப்பது உலக வழக்கம். நம் நாட்டில் அவ்வாறு அடிக்கடி கையிலெடுக்கப்படும் ஆவணங்களுள் ஒன்று, நெருக்கடி நிலைக் காலத்து அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷனின் அறிக்கையாகும். ஆண்டுதோறும் ஜூன் 25ஆம் நாள் வந்தால் அதன் பெயர் மேடைகளில் ஒலிக்கிறது. 2024 ஜூலையில் மத்திய அரசு அந்நாளை அரசியலமைப்புப் படுகொலை நாள் என அறிவித்த பின் அவ்வொலி மேலும் உரத்துவிட்டது. அன்று பத்திரிகைகளின் குரல்வளையை நெரித்தவர்கள் இன்று உரிமை பேசலாமா என்பது ஒரு தரப்பாரின் வினா. அறிவிக்கப்படாத நெருக்கடி நிலை இன்று நடக்கவில்லையா என்பது மறு தரப்பாரின் எதிர் வினா. இவ்விரு தரப்பாருள்ளும் அறிக்கையைப் படித்தவர் எத்துணைப் பேர் என்ற மூன்றாவது வினாவைக் கேட்பாரைத்தான் காணோம்.

நாம் இங்கு ஆராயப் புகுந்தது அந்த அறிக்கையைத்தான். அதனை ஒரு நூலாகக் கருதி, அது சொல்வன எவை, சொல்லாது விடுவன எவை எனக் காண்பதே நம் நோக்கம். செய்தித்தாளை நம்பியே உலகை அறியும் நம் போன்ற குடும்பத்தார்க்கு அதில் ஒரு பாடம் உண்டு என்றும் நம்புகிறோம்.

நூலின் வரலாறு

1975 ஜூன் 12ஆம் நாள், ராஜ் நாராயண் தொடுத்த வழக்கில் அலகாபாத் உயர்நீதிமன்ற நீதிபதி ஜகன்மோகன்லால் சின்கா, பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது எனத் தீர்ப்பளித்தார். பன்னிரண்டு நாள் கழித்து உச்சநீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் நிபந்தனையோடு கூடிய தடையாணை வழங்கினார். மறுநாள், ஜூன் 25ஆம் நாள் இரவு, குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது உள்நாட்டுக் குழப்பத்தைக் காரணம் காட்டும் பிரகடனத்தில் கையொப்பமிட்டார். இருபத்தொரு மாதங்கள் நாடு நெருக்கடி நிலையில் இருந்தது. 1977 மார்ச்சுத் தேர்தலில் ஆளுங்கட்சி தோற்றது. புதிய ஜனதா அரசு மே மாத இறுதியில், உச்சநீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி ஜே. சி. ஷாவின் தலைமையில் விசாரணை ஆணையத்தை அமைத்தது. ஏறத்தாழ 48,000 முறையீடுகள் வந்து குவிந்தன. 1978ஆம் ஆண்டில் அறிக்கை மூன்று பகுதிகளாக வெளிவந்தது.

1980இல் இந்திரா காந்தி மீண்டும் ஆட்சிக்கு வந்தார். அறிக்கையின் பிரதிகள் அரசினரால் திரும்பப் பெறப்பட்டு மறைக்கப்பட்டன என்ற குற்றச்சாட்டு அந்நாள் தொட்டு நிலவி வருகிறது. எவ்வாறாயினும், பொதுமக்கள் விலை கொடுத்து வாங்க இயலாத அரிய பொருளாக அது ஆகிப்போனது உண்மை. பின்னர் அதனைத் தேடி எடுத்துப் பதிப்பித்தவர் ஒரு தமிழர். நெருக்கடி நிலைக் காலத்தில் தி.மு.க.வின் மக்களவை உறுப்பினராக இருந்த இரா. செழியன், தம்மிடம் இருந்த பிரதியைக் கொண்டு 2010இல் முழு அறிக்கையையும் சென்னையில் அச்சேற்றினார். இழந்து பெற்ற அறிக்கை என்னும் கருத்துப்பட அவர் அந்நூலுக்குத் தலைப்பும் இட்டார். பதிப்பித்தவர் அக்காலத்து எதிர்க்கட்சியினர் என்பதை வாசகர் நினைவிற் கொள்ளுதல் நன்று. அதனால் அறிக்கையின் மதிப்புக் குறைந்துவிடுவதில்லை. யார் வழியாக ஒன்று நம் கைக்கு வந்தது என்பதை அறிந்துகொண்டு படிப்பது எந்த நூலுக்கும் நலம் பயக்கும்.

மின்விளக்கு அணைந்த இரவு

பிரகடனம் பிறந்த அன்றிரவே டில்லி பகதூர்ஷா ஜாபர் சாலையில் அமைந்திருந்த பத்திரிகை அலுவலகங்களுக்கு மின்சாரம் துண்டிக்கப்பட்டது. அச்சுப்பொறிகள் நின்றன. வேறு மின்தடத்தில் இருந்த இந்துஸ்தான் டைம்ஸும் ஸ்டேட்ஸ்மனும் மட்டும் மறுநாட்காலை வெளிவந்தன. இந்நிகழ்ச்சியை ஷா கமிஷன் ஆராயும் முறை கருதத்தக்கது. மின்வாரியப் பொறுப்பாளருக்கு அந்த ஆணை எழுத்து வடிவில் வரவில்லை. டில்லியின் துணைநிலை ஆளுநர் கிஷன் சந்த் வாய்மொழியாகவே இட்டார் என்று ஆணையம் காண்கிறது.

வாய்மொழி உத்தரவு என்னும் இச்செய்தி அறிக்கையில் பலவிடத்தும் திரும்பத் திரும்ப வருகிறது. எழுதி இட்டால் சான்றாகும். சொல்லி இட்டால் காற்றோடு போம் என்று அதிகாரத்தில் இருந்தோர் கணக்கிட்டனர். அக்கணக்குப் பொய்க்கும் வண்ணம், அலுவலர் ஒவ்வொருவரையும் அழைத்து, யார் எந்நேரத்தில் எவரிடம் என்ன சொன்னார் என்று கேட்டுப் பதிவு செய்ததே இந்த அறிக்கையின் தலையாய சிறப்பு என்பது நம் கருத்து. தடுப்புக் காவலில் வைக்கப்பட்டோர் தொகை 1,10,806 என்றும், ஒரே ஆண்டில் நடந்த கருத்தடைச் சிகிச்சைகள் 26 லட்சத்திலிருந்து 80 லட்சத்துக்கும் மேலாக ஏறின என்றும் அது தரும் எண்கள் அரசினரின் ஏடுகளிலிருந்தே எடுக்கப்பட்டவை. எதிர்க்கட்சி மேடையில் பேசப்பட்ட எண்ணுக்கும், அரசினரின் பதிவேட்டிலிருந்து பெயர்த்தெடுத்த எண்ணுக்கும் உள்ள வேற்றுமையை நாம் உணர்தல் வேண்டும்.

பத்திரிகைகளைப் பொறுத்தவரை, 1977 ஆகஸ்டில் வெளியான வெள்ளை அறிக்கை ஒன்றும் உடன்வைத்துப் படிக்கத்தக்கது. பத்திரிகைகள் நட்புடையன, நடுநிலையன, பகையன எனப் பிரிக்கப்பட்டு அதற்கேற்ப அரசு விளம்பரங்கள் பங்கிடப்பட்ட செய்தி அதில் உண்டு. பத்திரிகை மன்றம் ஒழிக்கப்பட்டது. நாடாளுமன்ற நடவடிக்கைகளை வெளியிடுவோர்க்கு 1956 முதல் இருந்த பாதுகாப்புச் சட்டம் நீக்கப்பட்டது. 1976 பிப்ரவரியில் நாட்டின் நான்கு செய்தி நிறுவனங்களும் சமாச்சார் என்ற ஒரே நிறுவனமாக இணைக்கப்பட்டன. வானொலியோ ஏற்கெனவே அரசினுடையது. சிறையிலடைப்பதும் தணிக்கையும் கண்ணுக்குத் தெரியும் கைகள். விளம்பரமும் நிறுவன இணைப்பும் கண்ணுக்குத் தெரியாத கைகள். பிற்கூறியவை நெருக்கடி நிலை இல்லாத நாளிலும் இயங்கவல்லவை என்பதே நாம் அஞ்சத்தக்க செய்தி.

அறிக்கையின் குறைகள்

இனிக் குறைகளையும் கூறுதல் கடன்.

முதலாவது, வென்றவர் அமைத்த ஆணையம் தோற்றவரை விசாரித்தது. இந்திரா காந்தி 1978 ஜனவரியில் ஆணையத்தின் முன் தோன்றியும், பிரதமராகத் தாம் ஏற்ற இரகசியக் காப்புறுதியைக் காட்டிச் சாட்சியம் அளிக்க மறுத்தார். ஆகவே முதன்மையானவரின் வாக்குமூலம் இல்லாமலேயே நூல் முடிகிறது. இதனை எடுத்துக்காட்டி அறிக்கை முழுவதுமே பழிவாங்கல் என்போர் உளர். அவ்வாதம் பொருந்தாது. மின்சாரம் நின்றதும், சிறைகள் நிரம்பியதும், சிகிச்சைகளின் தொகை ஏறியதும் எவர் சாட்சியத்தையும் எதிர்பாராத நிகழ்ச்சிகள். அவற்றுக்குப் பின்னிருந்த உள்ளக்கிடக்கை யாது என்னும் இடத்தில்தான் வாசகர் நிதானிக்க வேண்டும்.

இரண்டாவது குறையே பெரிது. ஆணையை இட்டவர் யார் என்பதை இந்நூல் தேடித் தேடிக் காண்கிறது. அதற்கு இணங்கியவர் ஏன் இணங்கினார் என்னும் வினாவில் அது போதிய அளவு ஆழம் செல்லவில்லை. இருநூறுக்கும் மேற்பட்ட பத்திரிகையாளர் சிறைப்பட்டனர். குல்தீப் நய்யார் அவர்களுள் ஒருவர். இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்கத்துக்குரிய இடத்தை வெறுமையாக விட்டுத் தன் எதிர்ப்பை உணர்த்தியது. மசானியின் ஃப்ரீடம் ஃபர்ஸ்ட், குஜராத்தின் பூமிபுத்ரா போன்ற சிற்றேடுகள் தணிக்கையை எதிர்த்து வழக்காடி 1976இல் முறையே பம்பாய், குஜராத் உயர்நீதிமன்றங்களில் வென்றன. சில ஆயிரம் பிரதி விற்கும் ஏடு நீதிமன்றம் ஏறியபோது, பல லட்சம் விற்கும் ஏடுகளில் பெரும்பாலானவை வாய்மூடி இருந்தமைக்குக் காரணம் என்ன? பெரிய ஏட்டுக்கு இழக்கத்தக்க பொருள் மிகுதி என்பது ஒரு விடை. பத்திரிகையின் அளவைக் கண்டு அதன் நம்பகத்தை அளவிடும் வழக்கம் நம்மிடையே இன்றும் உண்டு. அந்த இருபத்தொரு மாதங்கள் அவ்வளவுகோல் பிழை என்பதை மெய்ப்பித்தன.

வரிகளுக்கிடையே படித்தோர்

தணிக்கை வாசகனை மூடனாக்கிவிடவில்லை என்பதற்கும் சான்றுகள் உண்டு. டைம்ஸ் ஆஃப் இந்தியாவின் இரங்கல் விளம்பரப் பகுதியில், ஜனநாயகம் காலமானதைச் சொல்விளையாட்டாக ஒருவர் அறிவித்துவிட்டார். தணிக்கையாளர் கண்ணுக்கு அது குடும்பத் துக்கமாகவே தோன்றிற்று. தமிழகத்தில் 1976 ஜனவரி 31இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டு, கட்சியினர் கைதாயினர். கைதானவர் பெயரை அச்சிடத் தடை. பிப்ரவரி 3ஆம் நாள் அண்ணாவின் நினைவு நாளில், அவர்தம் நினைவிடத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று ஒரு பெயர்ப்பட்டியலை முரசொலி வெளியிட்டது. தணிக்கையாளர்க்கு அது அஞ்சலிச் செய்தி. ஊர்தோறும் காத்திருந்த தாய்மார்க்கும் மனைவியர்க்கும் அது தம்மவர் சிறையிலிருக்கும் செய்தி. பத்திரிகைக்கும் வாசகனுக்கும் இடையே நம்பிக்கை இருந்தால், சொல்லாத சொல்லும் சென்று சேரும்.

அந்தச் சிறைக்குள் நடந்ததைப் பின்னர் விசாரித்தவர் நீதிபதி மு. மு. இஸ்மாயில். கம்பனில் தோய்ந்த அறிஞராக நம் இல்லங்களில் நன்கு அறியப்பட்ட அவர், சென்னை மத்திய சிறையில் மிசாக் கைதிகள் அடிக்கப்பட்டது உண்மை என்று கண்டார். இங்கும் கட்சிப்போக்கின் வேலையைக் காணலாம். தி.மு.க. சார்புடையோர் இஸ்மாயில் கமிஷனை மேற்கோள் காட்டுவர். சர்க்காரியா கமிஷனைப் பழிவாங்கல் என்பர். எதிர்த்தரப்பாரோ சர்க்காரியாவை வேதவாக்காகக் கொள்வர்; இஸ்மாயிலை மறந்துவிடுவர். இரண்டையும் நடத்தியவர்கள் நீதிபதிகளே. எதைக் கண்டனர் என்பதைக் கொண்டு நாம் ஏற்கிறோம், மறுக்கிறோம். எவ்வாறு கண்டனர், எச்சான்றைக் கேட்டனர் என்பதைக் கொண்டு ஏற்பதும் மறுப்பதும் அரிதாகிவிட்டது. பத்திரிகைகள்பால் நாம் கொள்ளும் நம்பிக்கையும் இதே வழியில்தான் இன்று செல்கிறது.

துர்க்மான் கேட்: எண்ணப்படாத உயிர்கள்

தணிக்கையின் முழுக் கேட்டையும் உணர விரும்புவோர் பழைய டில்லியின் துர்க்மான் கேட் பகுதிக்குச் செல்ல வேண்டும். 1976 ஏப்ரலில் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மக்களின் வீடுகள் இடிக்கப்பட்டன. கருத்தடை வற்புறுத்தலும் அதனோடு சேர்ந்துகொண்டது. ஏப்ரல் 19ஆம் நாள் மக்கள் எதிர்த்து நின்றபோது போலீசார் சுட்டனர். மறுநாட் செய்தித்தாள்கள் இதனை உள்ளவாறு எழுத இயலவில்லை. டில்லிப் பத்திரிகை ஒன்றின் செய்தியாளர்களான ஜான் தயாளும் அஜய் போஸும் தாம் அறிந்தவற்றை 1977இல், ஆட்சி மாறிய பின், நூலாக எழுதினர்.

அன்று மாண்டவர் எத்தனை பேர்? அரசினர் கணக்கு ஒற்றை இலக்கத்தில் நின்றது. செவிவழிக் கணக்கு நூறுகளைத் தாண்டிற்று. ஐம்பது ஆண்டுகள் கழிந்தும், அனைவரும் ஒப்பும் ஓர் எண் இல்லை. செய்தியாளன் அன்றே சென்று, வீடுவீடாகக் கேட்டுப் பெயர் எழுதியிருந்தால் இந்நிலை வந்திராது. இன்று அரசைக் காப்பவர் சிறிய எண்ணையும், அரசைத் தூற்றுபவர் பெரிய எண்ணையும் எடுத்துக்கொள்கின்றனர். மாண்டவன் பெயரை மட்டும் இருவரும் அறியார். உண்மை அன்றே அச்சேறாது போனால், பின்னாளில் அது வதந்திக்கும் மறுப்புக்கும் இடையே சிக்கி அழிகிறது. தம் பிள்ளையை இழந்த குடும்பத்துக்கு, அவன் இறந்தான் என்பதை நாடு ஒப்புக்கொள்வதே கடைசி ஆறுதல். அந்த ஆறுதலும் பலருக்குக் கிட்டவில்லை.

இதனோடு 1977 தேர்தல் முடிவையும் இணைத்துப் பார்த்தல் வேண்டும். உத்தரப் பிரதேசத்தின் 85 தொகுதிகளிலும் பீகாரின் 54 தொகுதிகளிலும் காங்கிரஸ் ஓரிடம்கூடப் பெறவில்லை. அதே தேர்தலில் ஆந்திரத்தின் 42 தொகுதிகளில் 41ஐ அக்கட்சியே பெற்றது. தமிழகத்தில் அதன் கூட்டணி 39இல் 34 இடங்களை வென்றது. தென்னாட்டார் அடிமை மனத்தினர் என்று அன்று வடநாட்டில் சிலர் ஏசினர். வடநாட்டார் நன்றி மறந்தவர் என்று இங்குச் சிலர் ஏசினர். இரண்டும் தவறு. தமிழகத்தில் அ.தி.மு.க.வின் வலிமையும் கூட்டணிக் கணக்கும் முடிவைப் பெரிதும் நிர்ணயித்தன என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், கட்டாயக் கருத்தடையின் கொடுமை வடக்கில் வீட்டு வாசலுக்கே வந்தது. தெற்கில் அது அந்த அளவுக்கு வரவில்லை. வடக்கே நடந்ததைத் தெற்குக்குச் சொல்ல வேண்டிய பத்திரிகைகளின் வாயோ கட்டப்பட்டிருந்தது. ஆகவே வடவர் தாம் பட்டதைக் கொண்டு வாக்களித்தனர். தென்னவர் தாம் கண்டதைக் கொண்டு வாக்களித்தனர். பொய்யை நம்ப வைப்பது தணிக்கையின் ஒரு தீமை. ஒரே நாட்டில் வாழும் ஒருவர் துன்பம் மற்றவருக்குத் தெரியாமற் போவது அதனினும் கொடிய தீமை.

தணிக்கை விதித்தவரையும் அது விட்டுவைக்கவில்லை. தம் விருப்பப்படியே எழுதும் ஏடுகளைப் படித்தும், தம் வானொலியைக் கேட்டும், தாமே வெல்வோம் என்று நம்பித்தான் ஆட்சியாளர் தேர்தலை அறிவித்தனர் என்பார் பலர். அவர்தம் உள்ளத்தை நாம் புகுந்து பார்க்க இயலாது. ஆயினும், தன்னைச் சுற்றிலும் கண்ணாடிகளை நிறுத்திக்கொண்டவன் தன் முகத்தையே எங்கும் காண்பான் என்பதில் ஐயமில்லை.

வாசகர் கடன்

பின்னர்ச் சட்டங்கள் திருத்தப்பட்டன. 1978ஆம் ஆண்டின் நாற்பத்து நான்காம் அரசியலமைப்புத் திருத்தம், உள்நாட்டுக் குழப்பம் என்ற சொல்லை நீக்கி ஆயுதக் கிளர்ச்சி என்று மாற்றியது. நாடாளுமன்ற நடவடிக்கைகளை வெளியிடும் உரிமைக்கு அரசியலமைப்பிலேயே இடம் தந்தது. பத்திரிகை மன்றம் மீண்டும் நிறுவப்பட்டது. 1982இல் பீகார் அரசும் 1988இல் மத்திய அரசும் கொண்டுவந்த பத்திரிகை அடக்கு மசோதாக்கள், பத்திரிகையாளர் ஒன்றுபட்டு நின்றமையால் கைவிடப்பட்டன. சட்டத்தால் ஆவது இவ்வளவு. சட்டத்தால் ஆகாதது ஒன்று உண்டு. அதுவே வாசகரின் பயிற்சி.

இன்றோ செய்தி பஞ்சமின்றி வருகிறது. தொலைக்காட்சி அலைவரிசைகள் பல. கையிலுள்ள தொலைபேசியே அச்சகமும் வானொலியும் ஆகிவிட்டது. அன்று செய்தி கிட்டாமல் வதந்தி பெருகியது. இன்று செய்தி வெள்ளத்தில் வதந்தி மிதந்து வருகிறது. நம் தலைவரைப் புகழும் அலைவரிசை நேர்மையானது, மற்றது விலைபோனது என்று முடிவு கட்டிவிட்டு நாம் நாற்காலியில் அமர்கிறோம். எதையும் நம்பாதே என்று சொல்லிவிடுவது சிலருக்கு அறிவாகத் தோன்றுகிறது. அது அறிவாகாது. எல்லாரும் பொய்யரே என்று ஒருவன் முடிவு செய்துவிட்டால், பிறகு தனக்கு இனிக்கும் பொய்யைத் தேர்ந்துகொள்ள அவனுக்குத் தடையில்லை. எதையும் நம்பாத மக்களை ஆளுவது, எதையும் நம்பும் மக்களை ஆளுவதைப் போலவே எளிது.

ஷா கமிஷன் அறிக்கை தன் குறைகளோடும் நமக்குக் கற்பிப்பது ஒரு வினாமுறை. சொன்னவர் யார்? அவர் நேரில் கண்டாரா, பிறர் சொல்லக் கேட்டாரா? தம் நலனுக்கு எதிராக இருந்தும் அதைச் சொன்னாரா? எத்தரப்பாரின் வாக்கு இதில் இல்லை? இந்நான்கு வினாக்களையும் நமக்கு உவப்பான செய்தியிடமே முதலிற் கேட்டுப் பழகுதல் வேண்டும்; உவவாத செய்தியிடம் அவற்றை எவரும் தாமாகவே கேட்பர்.

நம் வீடுகளில் திண்ணையிலும் உணவு நேரத்திலும் அரசியல் பேசப்படுவது நல்லதே. தந்தை ஒரு கட்சி, மகன் ஒரு கட்சி என்பதும் இயல்பே. அப்பேச்சினூடே, அதை நீ எங்கே படித்தாய், எழுதியவர் போய்ப் பார்த்தாரா என்று இளையோர் மூத்தோரைக் கேட்கும்போது, அது மரியாதைக் குறைவென்று சினவாதிருப்போமாக. துர்க்மான் கேட்டில் அன்று கேட்கப்படாமற் போன வினா அதுதான்.